குரும்பையின் தொப்பிக்குள்ளே

வெட்டிப் போட்ட தேங்காய்க் குவியலில் சில காய்களைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். காம்படியிலிருந்து பழுப்புச் சொறி இறங்கியிருக்கும். நெடுக வெடித்து, சில இடங்களில் பிசின் கசிந்து உறைந்திருக்கும். உரிப்பவருக்கும் அதைக் கண்டால் ஆகாது. நார் இறுகிப்போய், மட்டை லேசில் கழன்று வராது. உள்ளே கிடைப்பதும் சின்னக் காய்தான்.

இது பூச்சி செய்த வேலையல்ல. ஈரியோபைட் என்கிற சிலந்தி இனம் செய்தது. நீளம் கால் மில்லிமீட்டர். அகலம் அதில் ஐந்தில் ஒரு பங்கு. சிலந்திக் கூட்டத்துக்கு எட்டுக் கால் என்று பள்ளியில் படித்திருப்போம். இதற்கு நாலுதான், அதுவும் தலைமாட்டில். மற்ற உடம்பு புழுவைப்போல் பின்னால் இழுபடும். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போவது காற்றின் தயவில்.

மெக்சிகோவின் குரேரோ மாநிலத்துத் தேங்காயில் கிடைத்த இதை, 1965-ல் கலிபோர்னியாவின் பூச்சியியலாளர் கெய்ஃபர் முதலில் விவரித்தார். அந்த மாநிலத்தின் பெயரையே இதற்கு வைத்தார். தென்னையின் பூர்வீகம் அமெரிக்கா அல்லவே, பிறகு எப்படி? பிரேசிலின் டெனிஸ் நாவியாவும் கூட்டாளிகளும் பல நாட்டுச் சிலந்திகளின் மரபணுவை ஒப்பிட்டு 2005-ல் விடை சொன்னார்கள். அமெரிக்கக் கண்டத்தில் இதற்குப் பல வகை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏறக்குறைய ஒரே அச்சு. ஆக, சிலந்தியின் பூர்வீகம் அமெரிக்கா; தென்னைதான் கடல் கடந்து போய் இதனிடம் மாட்டியிருக்கிறது. இந்தச் சிலந்தி 1990-களின் கடைசியில் இலங்கையின் கற்பிட்டிக்கும், 1998-ல் கேரளத்தின் எர்ணாகுளத்துக்கும் வந்தது. தமிழகத் தோப்புகளும் தப்பவில்லை.

இதன் பலமெல்லாம் இருக்கும் இடத்தில்தான். குரும்பையின் தலையில் தொப்பிபோல் கவிந்திருக்கும் இதழ்களைப் பார்த்திருப்பீர்கள். பிஞ்சில் அவை காயோடு ஒட்டிக் கிடக்கும். காய் பருக்கப் பருக்க ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழும். அதற்குள் நுழைந்து, இதழ் மறைத்த வெளிர்த் தோலைத் துளைத்துச் சாறு குடிக்கும். முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்குப் பத்து நாள் போதும். வேப்பெண்ணெயும் பூண்டும் கலந்து குலைக்குக் குலை தெளிக்கலாம். ஆனால் அவ்வளவு உயரம் ஏறித் தெளித்தும் மருந்தில் பெரும்பகுதி தொப்பிக்கு வெளியேதான் வழிகிறது.

இதைத் தின்னும் இன்னொரு சிலந்தி உண்டு, பெயர் பராக்கி. தட்டை உடம்பு, ஆனாலும் இரையைவிடப் பெரிது. அது எப்படி உள்ளே போகிறது? இலங்கையின் நயனி ஆரச்சிகே, ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்த இடைவெளியையே அளந்து பார்த்தார். நல்ல காயில் இடுக்கு பராக்கிக்குப் போதாது. ஈரியோபைட் குடியேறிய காயில் அது அகன்று, பராக்கி நுழையும் அளவுக்கு வந்துவிடுகிறது. தாக்குதலே கதவைத் திறந்துவிடுகிறது! மரம் தன் காவலாளுக்கு வழிவிடுகிறதா என்ற கேள்வியையும் அவர்கள் எழுப்பினார்கள். எனக்கு அந்த யோசனை பிடித்திருக்கிறது. தோப்புக்காரருக்குப் பிடிக்குமா என்பது வேறு. ஈரியோபைட் பெருகி உச்சத்தைத் தொட்ட பிறகுதான் பராக்கி பெருகுகிறது. அதற்குள் காயின் தோலில் சொறி விழுந்துவிடுகிறது.