சாமுராய் வாளில் சோழமண்டலத் திருக்கை!

ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட். ஜீன்ஸுக்குப் பேரம் பேசி முடித்துத் திரும்புகிறீர்கள். பழைய இரும்புச் சாமான்களுக்கு நடுவே ஒரு வட்டத் தகடு கண்ணில் படுகிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. நடுவில் ஆப்பு மாதிரி ஒரு துளை. பக்கத்தில் இன்னொரு சின்னத் துளை. ஓரத்தில் ஒரு கொக்கு சிறகை விரித்து நிற்கிறது. "ஏதோ மெஷின் பார்ட்டு பாஸ்!" என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போவீர்களா?

ஒரு நிமிஷம் பொறுங்கள். இதே மாதிரித் தகடுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கிறது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம். இதன் பெயர் 'சுபா'. சாமுராய் வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருக்கும் காப்புத் தகடு. பிடித்த கை வழுக்கி அலகில் படாமல் காப்பது இதன் வேலை. நடுத்துளையில் வாளின் அடிப்பகுதி நுழையும். பக்கத்துத் துளை, உறையோடு செருகி வைக்கும் குட்டிக் கத்திக்கு வழி.

வேலையே இல்லாத கொல்லர்கள்

வேலை இவ்வளவுதான் என்றாலும் ஜப்பானியர்கள் விடவில்லை. அந்தச் சின்ன வட்டத்துக்குள் மழை, நிலா, டிராகன், மூங்கில் காடு என்று எல்லாவற்றையும் செதுக்கித் தள்ளினார்கள். கோதோ என்ற ஒரே குடும்பம் சுமார் 400 வருஷம் தலைமுறை தலைமுறையாக வாள் அணிகள் செய்தது என்றால் பாருங்களேன்!

1876இல் வந்தது ஆப்பு. பொது இடத்தில் வாள் அணியக் கூடாது என்று ஜப்பான் அரசு சட்டம் போட்டது. அணிகள் செய்தவர்களுக்குப் பிழைப்பு போனது. வீட்டில் கிடந்த சுபாக்களும் கவசங்களும் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. இன்றைக்கு உலகம் முழுக்க இதைச் சேகரிப்பவர்கள் இருப்பதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம்.

குழம்பு மீனும் கைப்பிடியும்

"சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா? சாமுராய் வாளின் கைப்பிடியில் பட்டுக் கயிறு குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருக்கும். இடைவெளியில் வெள்ளை வெள்ளையாக மணி மணியாகத் தெரிகிறதே, அது மீன் தோல். நம்ம வீட்டில் குழம்பு வைக்கிறோமே, அந்தத் திருக்கை இனத்தின் தோல்! அதன் சொரசொரப்பு கயிறு நழுவாமல் பிடித்துக்கொள்ளும்.

இந்தத் தோலைக் கப்பலில் ஜப்பானுக்குக் கொண்டுபோய் விற்றவர்களில் டச்சுக்காரர்கள் முக்கியமானவர்கள். 1609இல் ஜப்பானில் கடை விரித்தார்கள். 1610இல் பழவேற்காட்டில் இறங்கினார்கள். சயாமிலிருந்து போன தோலோடு சோழமண்டலக் கரையின் தோலும் போனது. இங்கிருந்து போன கோடு போட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் 'சாந்தோமே'. ஆமாம், நம்ம சாந்தோம்தான்!

அதே டச்சுக்காரர்கள் 1693 முதல் 1699 வரை புதுச்சேரியையும் பிடித்து வைத்திருந்தார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும் நம்ம ஊர்த் தெருக்களுக்கு அவர்களின் திட்டம்தான் அடிப்படை என்று பழைய டச்சு வரைபடங்களை வைத்து எடுத்துச் சொன்னவர், புதுச்சேரியிலேயே வாழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழான் தெலோஷ் (மறைவு 2019).

சிலையில் வாள் தேடியவர்

அவர் ஆயுத ஆராய்ச்சியும் செய்தவர். ஹொய்சாளர் கோயில் சிற்பங்களில் வீரன் கையில் இருக்கும் ஆயுதம், குதிரைக்குப் போட்ட சேணம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்தக் காலத்துப் போர்த் தொழில்நுட்பம் பற்றி 1989இல் ஒரு புத்தகமே எழுதினார். நாமெல்லாம் அதே சிற்பத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்!

பொறுமையாகப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தஞ்சாவூரைக் கேளுங்கள். 1855இல் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ராஜ்யம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அரண்மனை ஆயுதசாலையில் கட்டாரியும் வாளுமாகக் குவிந்து கிடந்தன. அடுத்த சில வருஷங்களில் நல்லதாகத் தெரிந்தவற்றைப் பொறுக்கிச் சென்னை மியூசியத்துக்கு அனுப்பினார்கள். மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள். ஆமாம், எடைக்கு! எந்தக் கொல்லர் அடித்தார், எந்த வீரன் பிடித்தான் என்ற கதையும் அதோடு உருகிப் போனது. தப்பித்த தஞ்சாவூர் கட்டாரிகளை இன்று எழும்பூர் மியூசியத்தில் பார்க்கலாம். சில, கடல் தாண்டி அந்த நியூயார்க் மியூசியத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டன.

சுபாவுக்குக் கிடைத்த மரியாதை கட்டாரிக்குக் கிடைக்காமல் போனது ஏன்? ஜப்பானில் கொல்லரின் கையெழுத்து, ஊர், பாணி எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். வாள் கலையைக் காப்பாற்ற 1948இல் தொடங்கிய சங்கம், வாளையும் அணிகளையும் ஆராய்ந்து இன்றும் சான்றிதழ் தருகிறது. விவரம் எழுதி வைத்த பொருள் பொக்கிஷம். எழுதாமல் விட்டது எடைக்கு!

நீங்களும் இறங்கலாம்!

* காசு வேண்டாம், ஒரு நோட்டு போதும். தாத்தா வீட்டுப் பரணில் இருக்கும் வெட்டரிவாள், பாக்குவெட்டி, பழைய பூட்டு, எதுவானாலும் சரி. நீளம், எடை, அதில் இருக்கும் முத்திரை, யாரிடமிருந்து வந்தது எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். பாட்டியிடம் இன்றைக்கே கேளுங்கள். அடுத்த வருஷம் என்று தள்ளாதீர்கள்.

* பித்தளை என்றால் புளி, இரும்பு என்றால் உப்புத்தாள் என்று உடனே தேய்க்கக் கிளம்பாதீர்கள்! சுபாவின் கருமை கொல்லரே திட்டமிட்டுக் கொண்டுவந்தது. தேய்த்தால் மதிப்பும் போச்சு, தடயமும் போச்சு.

* போலி நிறைய. அச்சில் வார்த்த நகலில், துளைகளின் உள்பக்கம் வார்ப்புக் கோடு தெரியலாம். உளி பட்ட வேலையில் அது இருக்காது.

* சட்டம் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். வாள் வாங்கும் ஆசை இருந்தால், முதலில் காவல் நிலையத்தில் விசாரித்துவிடுங்கள்.

* மெட்ரோபாலிடன் மியூசியம் 2017 முதல் லட்சக்கணக்கான படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. சுபாவையும் கட்டாரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு மார்க்கெட் போகும்போது, ஜீன்ஸ் கடைக்கு முன்னால் அந்தப் பழைய இரும்புக் கடையில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். எடைக்குப் போகக் காத்திருக்கும் ஏதோ ஒன்று, யாராவது கையிலெடுத்துத் திருப்பிப் பார்ப்பார்களா என்று அங்கே கிடக்கலாம். அந்த 'யாராவது' நீங்களாக இருங்களேன்!