கல்லாவில் கூட்டுத்தொகை ஏன் நழுவுகிறது?



மாலை ஆறு மணிக்கு மேல் மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. பசுமலையில் எங்கள் கடையில் சென்ற மாதம் ஓர் அம்மாவுக்குச் சரக்குப் போட்டு, 386 ரூபாய் வரை வாய்க்குள்ளேயே கூட்டிவிட்டேன். கடைசியாக எடுத்த கடுகுக்கும் சீரகத்துக்கும் 45 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்த நொடியில், வேறொருவர் செல்போனில் செலுத்திய பணத்தை "இருநூற்று ஐம்பது ரூபாய்" என்று கல்லாப் பக்கத்துப் பெட்டி கூவியது. நான் 295 என்று சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் அந்த அம்மாவே வந்து மீதி 136 ரூபாயைக் கொடுத்தார். எல்லோரும் அப்படி வருவார்களா?

வயதாகிவிட்டது என்றார்கள் வீட்டில். காரணம் அதுவல்ல என்று படித்துத் தெரிந்துகொண்டேன்.

நம் கடையில் பேரேடு வேறு, சிட்டை வேறு. மூளையிலும் அப்படித்தான். மகள் கல்யாணத் தேதி பேரேட்டில் இருக்கிறது. இப்போது கூட்டிக்கொண்டிருக்கும் தொகை சிட்டையில் இருக்கிறது. வேலை முடிந்ததும் அழிந்துவிடும். உளவியலார் இதைச் செயல் நினைவு என்கிறார்கள். 1974-ல் பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் பேடலி, கிரகாம் ஹிட்ச் என்ற இருவர் இந்தச் சிட்டை ஒன்றல்ல என்றார்கள். சொல்லையும் எண்ணையும் வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்துக்கொள்ளும் ஒலிச் சிட்டை ஒன்று. எது எங்கே இருக்கிறது என்று மனக்கண்ணில் வைத்துக்கொள்ளும் இடச் சிட்டை மற்றொன்று. இரண்டையும் மேற்பார்க்கும் கணக்குப்பிள்ளை ஒருவரும் உண்டு.

ஒலிச் சிட்டை மிகச் சிறியது. ஏறத்தாழ இரண்டு விநாடிக்குள் வாயால் சொல்லி முடிக்கக் கூடிய அளவுதான் அதில் நிற்கும் என்று 1975-ல் வெளியான சோதனைகள் காட்டின. நம்மவர்கள் "முந்நூற்று எண்பத்தாறு" என்று நீட்டாமல் "மூணு எண்பத்தாறு" என்று சுருக்கிக் கூட்டுவதில் விஷயம் இருக்கிறது!

மூளையில் இவற்றுக்கு இடமும் வேறு. 1990-களில் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜோனைட்ஸ், எட்வர்ட் ஸ்மித் ஆகியோர் மூளையின் ரத்த ஓட்டத்தைப் படமெடுத்துப் பார்த்தார்கள். எழுத்துகளை நினைவில் வைக்கும்போது பெரும்பாலும் இடப் பாதியும், இடங்களை நினைவில் வைக்கும்போது பெரும்பாலும் வலப் பாதியும் வேலை செய்தன. அதற்கு முன்பே, 1969-ல் லண்டன் மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருந்தார்கள். விபத்தில் மூளையின் இடப்புறம் அடிபட்டவர். காதால் கேட்ட எண்களில் ஒன்றிரண்டுக்கு மேல் அவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. ஆனால் புதிதாக ஒன்றைக் கற்று நெடுநாள் வைத்துக்கொள்வதில் குறையே இல்லை. சிட்டை கிழிந்தது, பேரேடு பத்திரமாக இருந்தது.

இனி நம் கடைக்கு வருவோம். ஒரே சிட்டையில் இரண்டு கணக்கு எழுதினால் கலந்துபோகும். ஆளுக்கொரு சிட்டை என்றால் அவ்வளவு கலக்காது. அதனால்தான் வாயில் கூட்டிக்கொண்டே கையால் பொட்டலம் கட்ட முடிகிறது. யார் பை எங்கே பாதி நிரம்பி நிற்கிறது என்பதும் மறப்பதில்லை. ஆனால் "அண்ணாச்சி, சீனி என்ன விலை?" என்ற ஒரு கேள்விக்கு வாயைத் திறந்தால் தொகை போய்விடுகிறது. பதில் சொல்லாமல் இருந்தாலும் முழுதாகத் தப்ப முடியாது. பேச்சு காதில் விழுந்தாலே போதும், கவனிக்காவிட்டாலும் ஒலிச் சிட்டைக்குள் புகுந்துவிடுகிறது. புரியாத அந்நிய மொழிப் பேச்சுகூட நினைவைக் கெடுக்கிறது என்று 1976-லேயே காட்டியிருக்கிறார்கள். அப்படியிருக்க, நமக்குப் புரியும் தமிழில், அதுவும் ரூபாய்க் கணக்கையே சொல்லும் பெட்டியைக் காதோரம் வைத்துக்கொண்டு கூட்டினால் என்ன ஆகும்?

நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு இதற்கு மறுபக்கம் காட்டுகிறது. குஜராத்தில் மணிச்சட்டம் பழகிய பிள்ளைகள், சட்டத்தைக் கையில் எடுக்காமலே மனதில் மணிகளைத் தள்ளிக் கூட்டுகிறார்கள். மைக்கேல் ஃபிராங்க், டேவிட் பார்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், காதில் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டே கூட்டும்படி அவர்களிடம் சொன்னார்கள். பிள்ளைகள் பெரிதாகத் தடுமாறவில்லை. மணிச்சட்டம் பழகாத பெரியவர்கள் திணறிப்போனார்கள். 2012-ல் இது வெளியானது. அந்தப் பிள்ளைகள் கணக்கை இடச் சிட்டையில் போடுகிறார்கள் போலும். நாமோ வாய்ப்பாட்டை ஓங்கிச் சொல்லிப் படித்தவர்கள். நமக்குக் கணக்கு வாயில்தான் இருக்கிறது. ஐம்பது வயதில் மணிச்சட்டம் பழகச் சொல்லி யாரையும் தொந்தரவு செய்யப் போவதில்லை.

எங்கள் கடையில் செய்த மாற்றம் சிறியது. பேசும் பெட்டியைக் கல்லாவிலிருந்து எடுத்து, பொட்டலம் கட்டும் பையன் பக்கம் வைத்தோம். பணம் வந்தால் அவன் கையைத் தூக்குவான், வாய் திறக்க மாட்டான். அதிகம் கேட்கப்படும் பத்துச் சரக்கின் விலையைப் பலகையில் எழுதி மாட்டினோம். கேட்பவருக்கு விரலால் காட்டிவிடலாம். நூறு ரூபாய்க்கு மேல் போனால் துண்டுச் சீட்டில் இடைத்தொகை எழுதுகிறேன். நோட்டு எண்ணும்போது யாரும் என்னிடம் எண் பேசக் கூடாது என்பதும் ஏற்பாடு. இந்தக் கடைசி ஏற்பாட்டுக்கு மட்டும் வாடிக்கையாளர்கள் இன்னும் ஒத்துழைக்கவில்லை.