திருச்சி எவ்வளவு தூரம்?

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில், விடியற்காலையில் துறையூரிலிருந்து இழவுச் செய்தி வருகிறதென்று வைத்துக்கொள்வோம். காலமானவர் தாய்மாமன். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் சப்ரகமுவத் தோட்டங்களில் பலவுண்டு. "விமானத்தில் ஒரு மணி நேரந்தானே, முகம் பார்த்துவிடலாம்" என்று வீட்டில் யாரேனும் கூறுவர். கூடுமா?

முதலில் ஆகாய வழியை அளந்து பார்ப்போம். தேசப்படமும் பென்சிலும் போதும். கட்டுநாயக்கா விமான நிலையம் வட அகலக்கோடு 7 பாகை 11 கலையிலும், திருச்சி நிலையம் 10 பாகை 46 கலையிலும் உள்ளன. வித்தியாசம் 215 கலை. அகலக்கோட்டில் ஒரு கலை ஏறக்குறைய ஒரு கடல் மைல் என்பதால், வடக்கே 215 கடல் மைல். அவ்வாறே மேற்கே 69. செங்கோண முக்கோணம் படித்த மாணாக்கர் மூன்றாம் பக்கத்தைக் கண்டுவிடுவர்: 226 கடல் மைல், அதாவது சுமார் 418 கிலோமீற்றர்.

மணிக்கு 800 கிலோமீற்றர் பறக்கவல்ல ஜெட் விமானத்துக்கு இஃது அரைமணி வேலையன்றோ? ஆயினும் ஒரு மணி வேண்டியிருக்கிறது. ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து செல்லவேண்டும். உயரம் எட்டும்வரை முழு வேகம் வாராது. எட்டிய சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கவேண்டும். பயணம் குறுகக் குறுக இவற்றின் பங்கு பெருகும்.

இனித் தரைக்கு வருவோம். இறக்குவானையிலிருந்து கட்டுநாயக்கா நேர்கோட்டில் 110 கிலோமீற்றர் அளவே. ஆனால் நாம் காகமல்லவே! பெல்மதுளை, இரத்தினபுரி, அவிசாவளை, கொழும்பு என்று வளைந்து செல்லும் வழியில், பஸ் மாறி மாறிப் போனால் ஐந்தாறு மணி நேரம் கழியும். அதற்கு முன் லயத்திலிருந்து சந்திவரை நடை. அதற்குப் பின் விமான நிலையத்தில் மூன்று மணி நேரக் காத்திருப்பு. 2003, 2017ஆம் ஆண்டுகளின் மே மாதத்தில் நேர்ந்ததுபோல வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரியைச் சூழ்ந்துவிட்டால் கணக்கே வேறு.

முன்னோர் கோட்டையில் இரவு வண்டியேறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மறுபடியும் புகையிரதம் பிடித்தனர். 1914இல் தொடங்கிய அக்கப்பல் வழி, 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரம்வரை நடந்து, 1984இல் நின்றது. மெதுவான பயணந்தான், ஆனால் ஏழைக்கு எட்டிய கட்டணம்.

விசாவை மறந்துவிட்டோம். கடவுச்சீட்டு பெட்டியில் தயாராக இருந்தாலும், இந்திய விசாவின்றி விமானமேற இயலாது. அது கைக்கு வந்து, தோட்டத்திலிருந்து புறப்பட்டு, திருச்சியில் இறங்கி, மீண்டும் பஸ்ஸேறித் துறையூர் சேரும் மருமகன், பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியத்துக்கே போய்ச் சேருகிறான்.