முதுமையும் வீழாமையும்

மூப்பு வந்துற்றால் வீழ்தலும் உடன்வரும் என்பது பலர் கருத்து. அது விலக்கவொண்ணா விதியன்று.

மனிதன் நிலைபெற்று நிற்பதற்குக் கண்ணும், உட்செவியும், பாதங்களிலும் மூட்டுக்களிலுமுள்ள உணர்நரம்புகளும் மூளைக்குச் செய்தி விடுக்கின்றன. மூளையின் ஏவலைத் தசைகள் நிறைவேற்றுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல இவை தளர்கின்றன. ஒருமுறை வீழ்ந்தவர் அச்சத்தால் நடமாட்டத்தைக் குறைப்பர். குறைக்கவே தசை மேலும் மெலியும். மெலியவே மீண்டும் வீழ நேரும்.

இச்சுழலை அறுக்க வல்லது பயிற்சி. நியூசீலாந்தின் ஒட்டாகோப் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறையில், கணுக்காலிற் சிறு பாரங்கட்டி முழங்காலை நீட்டி மடக்குதல், நாற்காலியினின்று எழுதல், ஒற்றைக்காலில் நிற்றல், ஒரு பாதத்தின் குதியை மற்றதன் விரல்நுனியையொட்டி வைத்து நடத்தல் ஆகியன வாரம் மும்முறை செய்யப்படுகின்றன. 65 முதல் 97 வயது வரையுள்ள 1016 பேரிடத்து நிகழ்ந்த நான்கு ஆய்வுகளின் தொகுப்பு 2002இல் வெளிவந்தது. அதன்படி வீழ்ச்சிகள் நூற்றுக்கு 35 வீதம் குறைந்தன. 108 ஆய்வுகளை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டுக் கொக்ரேன் தொகுப்பும் சமநிலைப் பயிற்சியின் பயனை உறுதிப்படுத்திற்று. நடை மட்டும் போதும் என்பதற்கு அதில் தக்க சான்று கிடைக்கவில்லை.

தொடக்கத்தில் உறுதியான மேசையொன்றைப் பற்றிக்கொள்ளல் வேண்டும். நோயுடையோர் முதலில் வைத்தியரை வினவுதல் நன்று. பயிற்சி நின்றாற் பயனும் தேயும்.

முதியோரை ஓரிடத்தில் அமர்த்தி வைப்பதே அன்பெனக் கருதும் இளையோர், அவர் எழுந்து நடக்கத் துணைநிற்பதே மெய்யன்பு என உணர்வாராக.