கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்‌ஷன் போடலாமா? இ20 காலத்தில் பழைய கான்டெஸாவும் புல்லட்டும்

"காலையில ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குதுண்ணே. சூடானா ஓடுது. ஆனா ஸ்லோ பண்ணினா ஆஃப் ஆயிடுது." பழைய கார், பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் அடிக்கடி சொல்லும் புகார் இது. பிஒய் 02 நம்பர் பிளேட்டோடு காரைக்காலில் ஓடும் பழைய வண்டிகளும் விதிவிலக்கு இல்லை. மெக்கானிக் ஜெட்டைக் கழற்றி ஊதி, ட்யூனிங் பண்ணிக் கொடுப்பார். பத்து நாள் நன்றாக இருக்கும். அப்புறம் அதே கதை.

இந்த இடத்தில்தான் ஒரு யோசனை வரும். புது வண்டிகளில் இருப்பது போல எலக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனை, அதாவது இஎஃப்ஐ-யைப் பழைய எஞ்சினில் மாட்டிவிட்டால் என்ன? அமெரிக்காவில் மஸ்டாங், கமாரோ மாதிரியான பழைய மஸில் கார்களுக்கு இதை ரொம்ப நாளாகவே செய்கிறார்கள். கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும் ரெடிமேட் கிட் கடையில் கிடைக்கிறது. நம்மிடம் மஸில் கார் என்றால் இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸாதான். (ஆரம்பத்தில் அதில் இருந்தது அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சின். மஸில் தோற்றத்தில் மட்டும்தான்!) பிறகு 1.8 லிட்டர் இசுஸு எஞ்சின் வந்த பிறகுதான் பெயருக்கேற்ற வேகம் வந்தது. அந்தக் காரில் இன்ஜெக்‌ஷன் போட முடியுமா? முடியும். போட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கார்புரேட்டருக்குக் கண் கிடையாது

பிஸ்டன் கீழே இறங்கும்போது எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று ஒரு குறுகலான தொண்டை வழியாகப் போகும்போது வேகம் கூடி, அழுத்தம் குறைகிறது. அங்கே ஒரு பொடி ஓட்டை வைத்தால், பக்கத்துக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் தானாக மேலேறி, தூறலாகக் காற்றில் கலக்கும். அந்த ஓட்டைதான் ஜெட். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்வது ஒரு மிதவை. மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவை வால்வின் அதே வேலை. கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம்.

ஆனால் அது எதையும் அளப்பதில்லை. காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது, எரிந்து வெளியே போகும் புகையில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கடல் மட்டத்தில் இருக்கும் காரைக்காலில் கச்சிதமாக செட் பண்ணின வண்டியை 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டிக்கு ஓட்டிப் பாருங்கள். அங்கே காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லேசு. கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்காது. கறுப்புப் புகையோடு எஞ்சின் திணறும்.

சரி, ஊட்டிக்கு யார் தினமும் போகிறார்கள்? இத்தனை வருடம் இந்தக் குறையோடு நன்றாகத்தானே ஓடியது? ஓடியது. இப்போது மாறியிருப்பது மலை இல்லை, பெட்ரோல்.

20% எத்தனால் என்ன செய்கிறது?

சுத்தமான பெட்ரோல் 1 கிலோ முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. 20% எத்தனால் கலந்த இ20-க்கு இந்தக் கணக்கு 13.5 அளவுக்கு வருகிறது. ஆக, அதே காற்றுக்கு முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக எரிபொருளை ஊற்ற வேண்டும். பழைய ஜெட்டின் ஓட்டை அதே சைஸில்தான் இருக்கிறது. விளைவு, காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. மெக்கானிக்குகள் மொழியில் 'லீன்'. காலையில் ஸ்டார்ட் ஆக அடம், ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஒரு விக்கல், நீண்ட தூரம் ஓட்டினால் கூடுதல் சூடு என்று அது வெளியே தெரியும்.

மைலேஜும் குறையும். 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு ட்யூன் செய்த கார்களில் 6-7%, இருசக்கர வாகனங்களில் 3-4% வரை குறையலாம் என்று சொன்னது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் வரி குறைவு என்பதால் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வருபவர்கள் காரைக்காலில் டேங்கை நிரப்பிக்கொண்டு போவது வழக்கம். லிட்டருக்கு மிச்சமாகும் ரூபாயில் ஒரு பகுதி இந்த மைலேஜ் கணக்கில் போய்விடும்.

இன்னொன்று ஈரம். எத்தனால் தண்ணீரை இழுக்கும். கடற்கரை ஊரில் வாரக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டியின் டேங்கில் ஈரம் சேர்ந்தால், ஓர் அளவுக்கு மேல் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். இரும்பு டேங்க் துருப்பிடிக்கும். பழைய ரப்பர் ஹோஸும் வாஷரும் உப்பும் அல்லது வெடிக்கும்.

இன்ஜெக்‌ஷன்: அளந்து பார்த்து ஊற்றுவது

இஎஃப்ஐ-யில் ஒரு பம்ப் பெட்ரோலை அழுத்தத்தோடு அனுப்புகிறது. இன்ஜெக்டர் என்பது கரண்ட்டில் திறந்து மூடும் சின்ன வால்வு. எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று முடிவு செய்வது இசியு என்ற கம்ப்யூட்டர். 3,000 ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சினில் ஒரு முழுச் சுற்று வேலை 40 மில்லி செகண்டில் முடிந்துவிடும். அதற்குள் இன்ஜெக்டர் சில மில்லி செகண்ட் திறந்து மூடும். காற்றின் அழுத்தம், சூடு, எஞ்சின் வேகம், த்ராட்டில் நிலை எல்லாவற்றையும் சென்சார்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். முக்கியமானது சைலன்சர் பைப்பில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார். எரிந்தது சரியா, கம்மியா என்று புகையைப் பார்த்து அது சொல்ல, இசியு அடுத்த முறை திருத்திக்கொள்ளும். இ20 ஊற்றினாலும் ஊட்டிக்குப் போனாலும் ஓரளவுக்குத் தானே சமாளிப்பது இதனால்தான்.

புது யோசனை என்று நினைக்காதீர்கள். 1958-லேயே அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம், பெண்டிக்ஸ் தயாரித்த எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனோடு சில டஜன் கார்களை விற்றது. அந்தக் காலத்து எலக்ட்ரானிக்ஸ் காரின் சூட்டையும் குலுக்கலையும் தாங்கவில்லை. பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரையே திரும்ப மாட்டிக் கொடுத்தார்கள்! 1967-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வாகனுக்காக செய்த 'ஜெட்ரானிக்' அமைப்புதான் நிலைத்தது.

நம்மூர்க் கதை திருவொற்றியூரில் நடக்கிறது. 1955 முதல் சென்னையில் உருவாகும் ராயல் என்ஃபீல்ட், 2009-ல் கிளாசிக் 500-ஐ இன்ஜெக்‌ஷனோடு கொண்டுவந்தது. ஆனால் 350 சிசி கிளாசிக்கில் கார்புரேட்டரே தொடர்ந்தது. பத்து வருடம் ஒரே ஷோரூமில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. "ரோட்டுல நின்னா எந்த ஊர் மெக்கானிக்கும் சரி பண்ணணும்" என்று 350-ஐ எடுத்தவர்கள் நிறையப் பேர். 500-ஐ வாங்கி இன்ஜெக்‌ஷனைக் கழற்றிக் கார்புரேட்டர் மாட்டியவர்களும் உண்டு. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 விதி வந்தபோதுதான் அந்த விவாதம் முடிந்தது. அந்த மாசுக் கட்டுப்பாட்டுக்குக் கார்புரேட்டர் ஈடுகொடுக்கவில்லை.

மாற்றும்போது என்னவெல்லாம் மாறும்?

ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது என்று நினைத்தால் அங்கேயே தப்பு. கான்டெஸா 1.8-ஐ எடுத்துக்கொள்வோம். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தரும் பழைய மெக்கானிக்கல் பம்ப் கால் பார் அளவுக்கே அழுத்தம் தரும். இன்ஜெக்டருக்குச் சுமார் 3 பார் வேண்டும், பத்து மடங்குக்கும் மேல். அதனால் டேங்க் பக்கத்தில் எலக்ட்ரிக் பம்ப், ஃபில்டர், பிரஷர் ரெகுலேட்டர், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிவர ஒரு தனி லைன் எல்லாம் வேண்டும். ஹோஸ் இன்ஜெக்‌ஷனுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதா ரப்பர் ஹோஸைச் சாதா கிளிப் போட்டு இறுக்கினால், ஒருநாள் அது பிடுங்கிக்கொண்டு சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைப் பீய்ச்சும். வண்டி எரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். எஞ்சின் நின்றால் பம்ப்பும் உடனே நிற்கும்படி இசியு வழியாக ரிலே கொடுப்பதும் கட்டாயம்.

அடுத்து இன்ஜெக்டர். 85-90 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு, ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 150 முதல் 200 மில்லி வரை தரும் சைஸ் போதும். பெரிசாகப் போட்டால் பவர் கூடும் என்பது கட்டுக்கதை. ஐடிலிங்கில் வண்டி உளறும், அவ்வளவுதான். இன்ஜெக்டரை உட்கார வைக்க இன்டேக் மேனிஃபோல்டில் இடம் வேண்டும். இங்கே ஒரு நல்ல செய்தி: இசுஸு 1.8 எஞ்சின் கொண்ட அம்பாசடரை இந்துஸ்தான் மோட்டார்ஸே பின்னாளில் எம்பிஎஃப்ஐ-யோடு விற்றது. அதன் பாகங்கள் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கிறதா, உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். இசியு-வுக்கு மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ மாதிரி லேப்டாப்பில் ட்யூன் செய்யக்கூடியவை இருக்கின்றன.

ட்யூனிங்தான் உண்மையான வேலை. எஞ்சின் வேகம் ஒரு பக்கம், லோடு இன்னொரு பக்கம் என்று ஓர் அட்டவணை. 16-க்கு 16 என்றால் 256 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு பெட்ரோல் என்று ஓட்டிப் பார்த்து நிரப்ப வேண்டும். ஸ்க்ரூ டிரைவரில் வேலை பார்த்த கைக்கு இது வேறு தொழில். காரைக்காலில் வண்டி மக்கர் பண்ணினால் அந்த லேப்டாப்பைத் திறந்து பார்க்க யார் இருக்கிறார்கள் என்பதை, கிட் வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள்.

பழைய புல்லட்டில் இது இன்னும் கஷ்டம். அதில் பம்ப்பே கிடையாது, டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கும். பம்ப் வைக்க டேங்கை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். பம்ப், இசியு, இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் கரண்ட் தர பழைய சார்ஜிங் சிஸ்டம் திணறும். கிக்கரை உதைக்கும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் இசியு தூங்கிவிடும். என்னைக் கேட்டால், பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் இதற்கு இறங்கவே வேண்டாம்.

அப்புறம் உப்புக் காற்று. கார்புரேட்டர் வண்டியில் ஒரு எர்த் ஒயர் கெட்டால் ஹாரன் அடிக்காது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதே எர்த் பச்சை பிடித்தால் சென்சார் பொய் சொல்லும், எஞ்சின் வழியில் நிற்கும். கனெக்டர்கள் எல்லாம் ரப்பர் சீல் உள்ளவையாக இருக்க வேண்டும். இசியு-வை எஞ்சின் அறையில் இல்லாமல் டேஷ்போர்டுக்குள் வைப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும் ஊர் இது.

ஆர்சி புத்தகம் என்ன சொல்லும்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

"எரிபொருள் பெட்ரோல்தான், எஞ்சின் நம்பர் அதேதான், சிசி-யும் மாறலை. அப்புறம் என்ன?" என்று வாதாடலாம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை ரோட்டோரத்தில் நின்று சொல்வதைவிட, வேலை தொடங்கும் முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிவைப்பது பாதுகாப்பு. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு விதி இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' எழுத்துகளோடு தனி நம்பர். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை, வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. 1975-க்கு முன் பதிவான புல்லட்டோ அம்பாசடரோ வீட்டில் நின்றால், இன்ஜெக்‌ஷனுக்காக அதன் எஞ்சினில் கைவைப்பது இந்தத் தகுதியையே கேள்விக்குறி ஆக்கலாம். கான்டெஸா விற்பனைக்கு வந்ததே 1984-ல்தான் என்பதால், முதல் வண்டிகளுக்கே 2034 வரை இந்தக் கவலை இல்லை. ஆனாலும் கழற்றிய கார்புரேட்டரையும் பழைய மேனிஃபோல்டையும் பழைய இரும்புக்குப் போடாமல், எண்ணெய் தடவிச் சுற்றி எடுத்து வையுங்கள்.

தினமும் ஓட்டும் கான்டெஸா, கையில் லேப்டாப் தெரிந்த ஆள், வயரிங்கை முழுசாகப் புதுப்பிக்கப் பொறுமை, இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக இறங்கலாம். மற்றவர்கள் இ20-யைச் சமாளிக்க இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முதலில் பெட்ரோல் ஹோஸ், வாஷர்களை எத்தனால் தாங்கும் விட்டான் வகைக்கு மாற்றுங்கள். டேங்கின் அடியைக் கழுவித் துரு பாருங்கள். மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிசாக்கி, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து செட் பண்ணச் சொல்லுங்கள். வெள்ளையாக இருந்தால் லீன், கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், இளம் பழுப்பு என்றால் சரி. ஊருக்குப் போகிறீர்கள், வண்டி ஒரு மாதம் நிற்கப் போகிறது என்றால், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சப் பெட்ரோலை வடித்துவிட்டுக் கிளம்புங்கள்.