கை விழுந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்

காபிப் பழம் பறித்துக்கொண்டிருப்பவரின் வலக்கையிலிருந்து கூடை நழுவுகிறது. எடுக்கப் போனால் விரல் மடங்கவில்லை, பேச்சும் குழறுகிறது. "சித்த நேரம் படுங்க, சரியாயிரும்" என்று நிழலில் படுக்க வைக்கிறோம். ஆடலூர் போன்ற மலை ஊரில் ஆளை நிரந்தரமாக முடக்கிவிடுவது அப்படிக் கழியும் நேரம்தான்.

வலியே இல்லையே, இதில் என்ன அவசரம் என்று தோன்றும். உடம்பில் எங்கே வலித்தாலும் அதை உணர்வது மூளை. ஆனால் மூளைத் திசுவுக்குத் தன் வலி தெரியாது. அதனால்தான் பக்கவாதம் பெரும்பாலும் சத்தமில்லாமல் வருகிறது.

கை விழுந்தால் கோளாறு கையில்தானே? இல்லை. வலக்கையை ஆட்டுவிப்பது இடப்பக்க மூளை. நரம்புப் பாதைகளில் பெரும்பகுதி முகுளத்தில் (மூளையின் அடிப்பகுதி, தண்டுவடம் தொடங்குமிடம்) பக்கம் மாறி இறங்குகிறது. பெரும்பாலோருக்குப் பேச்சுக்கான இடமும் இடப்பக்கம்தான். வலக்கையும் பேச்சும் ஒன்றாகப் போவது இதனால்தான். கையில் எண்ணெய் தேய்த்தாலும் புறா ரத்தம் பூசினாலும் கோளாறு இருக்கும் இடத்தை அது எட்டுவதே இல்லை.

மூளைக்குள் என்ன நடக்கிறது? உடம்பின் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே தேறும் மூளை, உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று அதற்கு எதுவும் கிடையாது. ரத்தக்குழாய் அடைத்தால், நடுப்பகுதி சில நிமிடங்களில் செத்துப்போகும். சுற்றியுள்ள பகுதி மட்டும், சொட்டுநீர்க் குழாய் அடைத்த தோட்டத்தில் பக்கத்துப் பாத்தியின் ஈரத்தில் நிற்கும் செடிபோல, கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். நாம் ஓடுவது அதைக் காப்பாற்றத்தான்.

எவ்வளவு நேரம் இருக்கிறது? கட்டியை (உறைந்த ரத்தம்) கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. கணக்கு, ஆளை நாம் பார்த்த நேரத்திலிருந்து அல்ல; அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. ஆகவே அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் கடந்துவிட்டாலும் போவதை விடாதீர்கள். சிலருக்குக் குழாய் வழியே கட்டியை எடுக்க முடியும்.

பக்கத்து மருத்துவமனையிலேயே ஊசி போட முடியாதா? ஸ்கேன் (மூளையைப் படமெடுக்கும் சோதனை) இல்லாமல் முடியாது. சிலருக்குக் குழாய் அடைப்பதில்லை, வெடித்து ரத்தம் கசிகிறது. அவர்களுக்கு இந்த ஊசியே எமனாகிவிடும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எனவே 108-ஐ அழைத்து "பக்கவாதம்" என்று சொல்லியே சொல்லுங்கள். ஸ்கேனும் ஊசியும் உள்ள இடத்துக்கு நேராகக் கொண்டுபோகக் கேளுங்கள். தருமத்துப்பட்டி வழியாக மலை இறங்குவதற்கே நேரம் போய்விடும். வழியில் இரண்டு இடம் நின்று போக அவகாசமில்லை.

பக்கவாதம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிரிக்கச் சொல்லுங்கள்: வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள்: ஒன்று இறங்குகிறதா? பேரும் ஊரும் கேளுங்கள்: குழறுகிறதா? திடீரென வந்த ஒன்று போதும், கிளம்புங்கள்.

ஒரு வாய் காபித்தண்ணி கொடுக்கலாமா? கூடாது. விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம். கொடுத்தது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மாத்திரையும் வேண்டாம், ஆஸ்பிரின்கூட. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டால்? அன்றே போயாக வேண்டும். அடைப்பு தானாக விலகியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த இரண்டு நாளில் பெரியதாகத் திரும்பி வரும் ஆபத்து அதிகம்.

பக்கவாதத்துக்கு முதல் காரணம் ரத்தக்கொதிப்பு. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளக்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். "தலை சுத்தல் இல்லையே" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். கொதிப்பு ஏறுவது பெரும்பாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது.