முதியோரும் இன்புளுயென்சா ஊசியும்

நோய்கள் பலவற்றுள் மக்கள் அஞ்சுவன சில, அஞ்சாதன சில. அஞ்சாதனவற்றுள் தலைமை பெற்றது இன்புளுயென்சா. இப்பெயர் இத்தாலிய மொழியினது. ‘தாக்கம்’ என்னும் பொருளது. விண்மீன்களின் தீய தாக்கத்தால் இந்நோய் பரவுகின்றதென்று அந்நாட்டார் முற்காலத்தில் எண்ணினர். நம் பக்கத்து ஊர்களில் இதனை விஷக்காய்ச்சல் என்பர். மருந்துக்கடைக்காரர் சுருக்கமாகப் புளூ என்பர். பெயர் யாதாயினும், மழைக்காலத்தில் நாலு நாள் படுத்தெழும் காய்ச்சல் என்று சொல்லி, மிளகுக் கஷாயத்தோடு அதனை விட்டுவிடுவதே வழக்கம். நம்மைப் போன்ற மாணவர்க்கு அவ்வழக்கம் பெரும்பாலும் பொருந்தும். அறுபத்தைந்து வயதைக் கடந்தார்க்கு அது பொருந்தாது. அவர்க்கென ஆண்டுதோறும் இடத்தக்க ஊசியொன்று உண்டு. அஃது எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பதனை இயன்றவரை விளக்க முற்படுகின்றேன்.

யான் கூறப்புகுவது விழுப்புரம், திண்டிவனம் என்னும் ஈரூர் முதியோரைப் பற்றியது. திண்டிவனம் என்பது புளியமரத்தைக் குறிக்கும் வடசொல்லோடு வனம் சேர்ந்து திரிந்த பெயரென்பர். புளியைக் காட்டிலும் இன்று அவ்வூர்க்குப் பெயர் தருவது நிலக்கடலை. டி.எம்.வி. என்னும் எழுத்துக்களைத் தாங்கி உழவர் கையில் வழங்கும் கடலை இனங்கள் அவ்வூர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திற் பிறந்தவை. விழுப்புரமோ இருப்புப் பாதைகள் பல கூடுமிடம். ஆதலின் ஓரூரில் ஆசிரியரும் அலுவலகத்தாரும், மற்றோரூரில் ரெயில்வே ஊழியரும் மிகுதியாக ஓய்வு பெற்று வாழ்கின்றனர். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்குப் பத்துப் பேர்க்குமேல் அறுபது வயது நிரம்பியவர். இவ்வகையில் இந்தியப் பெரு மாநிலங்களுள் கேரளத்துக்கு அடுத்து நிற்பது நம் நாடு.

ஓய்வு என்னும் சொல்லைக் கேட்டுத் தனிமை என்று பொருள் கொள்வார், இவர்தம் நாள் வாழ்க்கையைக் கண்டவரல்லர். விடியுமுன் நடை, பால் வாங்குமிடத்தில் அரைமணி நேரப் பேச்சு, பேரனைப் பள்ளி வண்டியில் ஏற்றுதல், கிளை நூலகத்தில் ஒரே தினசரியை நால்வர் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு படித்தல், சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்க மாதந்தோறும் மருத்துவமனை வரிசையில் நிற்றல், முகூர்த்த நாட்களில் ஒரே நாளில் மூன்று திருமணம். விடுதியில் அடைந்து கிடக்கும் மாணவனைக் காட்டிலும் இவர் நாள்தோறும் நெருங்கும் மக்கள் தொகை பெரிது. அவற்றுள்ளும் ஒன்று சிறப்பாகக் கருதற்பாலது. மத்திய அரசிலும் ரெயில்வேயிலும் பணியாற்றி உபகாரச் சம்பளம் பெறுவோர், தாம் உயிரோடிருத்தலை ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் சான்று காட்டல் வேண்டும். 2014 முதல் இதனை மின்முறையிலும் செய்யலாம். எண்பது வயது கடந்தோர் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஆயினும் பாங்கிக்கு நேரிற் சென்று, தம்மோடு பணியாற்றியவரைக் கண்டு, இவ்வாண்டு வாராதவர் யாரென்று கேட்டறிந்து மீள்வதையே பலர் விரும்புகின்றனர். அவ்விருப்பத்தை யான் குறைகூறேன்.

இனி அந்த நவம்பர் மாதத்துக்கு வருவோம். இன்புளுயென்சா குளிர்நாடுகளிற் பனிக்காலத்து நோய். நம் நாட்டில் அது மழையைத் தொடர்ந்து வருவது. இந்திய நகரங்கள் பலவற்றில் நோயாளரின் மூக்குச் சளியைச் சோதித்துக் கணக்கெடுத்த ஆராய்ச்சியொன்று 2015இல் வெளிவந்தது. காசுமீரத்து ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச்சு வரையிலும், தென்மேற்குப் பருவமழை பெறும் நகரங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும் நோய் உச்சமடைந்தது. சென்னையிலும் வேலூரிலுமோ அக்டோபரும் நவம்பருமே உச்சம். இவ்விரு நகரங்களுக்கும் தெற்கே, அதே வடகிழக்குப் பருவமழையில் நனைவது நம் மாவட்டம். 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த பெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய நாளில் கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு ஒரே அறையில் எண்மர் இருப்பர். ஒருவர் தும்மினாற் போதும். தீபாவளிக்கென வெளியூரினின்று வரும் பிள்ளைகளும் பேரர்களும் அப்பருவத்திலேயே வருகின்றனர். நோயும், கூட்டமும், சான்று காட்டும் விதியும் ஒரு திங்களில் கூடுகின்றன என்பது யாரும் திட்டமிட்டதன்று, ஆயினும் உண்மை.

வேலூர் என்றமையின் ஓர் இடைச்செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்த ஐடா ஸ்கடர் என்னும் நங்கை, ஓரிரவில் மகளிர் மூவர் பேறுகாலத்தில் மருத்துவ உதவியின்றி இறந்தமை கண்டு மருத்துவம் கற்கத் துணிந்தார். அவர் 1900இல் வேலூரில் தொடங்கிய சிறு மருந்தகமே பின்னர்ப் பெரிய மருத்துவக் கல்லூரியாயிற்று. மகளிர்க்கென மருத்துவப் பள்ளியை அவர் அங்குத் தொடங்கியது 1918இல். இன்புளுயென்சா இந்தியாவைப் பாழாக்கிய ஆண்டும் அதுவே.

அவ்வாண்டு பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக நுழைந்த அந்நோய், இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1911க்கும் 1921க்கும் இடையில் இந்திய மக்கள் தொகை குறைந்தது. கணக்கெடுப்பு வரலாற்றில் அவ்வாறு குறைந்த பத்தாண்டு அஃதொன்றே. நோய்க்குக் காரணமான நுண்பொருளை அன்று யாரும் அறியார். 1933இல் இலண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்னும் மூவர், கீரியைப் போன்ற பெரட் என்னும் விலங்குக்கு நோயாளரின் தொண்டைநீரைச் செலுத்தி அதனைக் கண்டறிந்தனர். பின்னொருகால் அவ்விலங்கொன்று ஆராய்ச்சியாளர் ஒருவர் முகத்திலே தும்ம, அவரும் நோயுற்றார், ஐயம் தீர்ந்தது. கோழிமுட்டைக் கருவில் அந்நுண்பொருளை வளர்க்கும் முறை அடுத்துத் தோன்ற, 1940க்குப் பின்னர் அமெரிக்காவில் பிரான்சிஸ், சால்க் என்போர் தடுப்பூசி செய்தனர். 1957இல் புதுவகை நோய் சிங்கப்பூரினின்று வந்த கப்பலோடு சென்னையில் இறங்கிற்று. அவ்வாண்டு மே முதல் அடுத்த பிப்ரவரி வரை இந்தியாவிற் கணக்கில் வந்த நோயாளர் 44 இலட்சத்துக்கு மேற்பட்டவர். அவ்வனுபவத்தின் பின், 1960இல், முதியோர் ஆண்டுதோறும் ஊசி இட்டுக்கொள்க என்று அமெரிக்க அரசு அறிவுறுத்திற்று.

ஆண்டுதோறும் என்னும் இச்சொல்லே நம் முதியோர்க்குத் தடையாய் நிற்கின்றது. அவர்தம் மேற்கையைப் பாருங்கள். சிறு காசளவில் வட்டத் தழும்பு இருக்கும். இளமையில் அம்மை குத்திய தழும்பு அது. அம்மைப்பால் செய்தற்கென்றே 1899இல் கிண்டியில் கிங் நிலையம் நிறுவப்பட்டது. அந்தத் தழும்பின் பயனாகப் பெரியம்மை இந்நாட்டை விட்டே ஓடிற்று. 1977இல் இந்தியா அந்நோயற்ற நாடென அறிவிக்கப்பெற்றது. விழுப்புரத்தில் எங்கள் தெருவில் வாழும் ஓய்வு பெற்ற ரெயில்வே கார்டு ஒருவர், சென்ற விடுமுறையில் இவ்வூசியைப் பற்றிய பேச்செழுந்தபோது தம் தழும்பைக் காட்டி, “தம்பி, எங்கள் காலத்து ஊசி ஒரு தரம் குத்தினால் போதும். வருஷா வருஷம் வா என்கிறவர் வைத்தியரா, வட்டிக்கடைக்காரரா?” என்றார். கேள்வி நல்ல கேள்வியே. “ஐயா, சென்ற வருஷத்துக் கால அட்டவணையை வைத்துக்கொண்டு இந்த வருஷம் வண்டிக்குப் போவீர்களா?” என்று யான் வினவினேன். அவர் நகைத்தார், ஆயினும் முழுவதும் உடன்பட்டிலர். அவர்க்கு அன்று கூறியதனைச் சற்று விரித்து ஈண்டு எழுதுகின்றேன்.

பெரியம்மை நுண்பொருள் தன் உருவை எளிதில் மாற்றாதது. இன்புளுயென்சாவோ தன்னைப் படியெடுக்கும்போதெல்லாம் பிழை செய்வது. அதன் மேற்புறத்தில் முட்கள் போன்ற புரதங்கள் உண்டு. அவற்றைக் கொண்டே அது நம் தொண்டை உயிரணுவைப் பற்றும். நம் உடலும் அவற்றைக் கண்டே அதனைப் பகையென அறியும். படியெடுப்பில் நேரும் பிழையால் அம்முட்களின் வடிவம் சிறிது சிறிதாகத் திரியவே, முன்னாண்டில் அடையாளம் கண்டுகொண்ட உடல் இவ்வாண்டில் ஏமாறுகின்றது. ஊசியால் உண்டான எதிர்ப்பாற்றலும் திங்கள் செல்லச் செல்லத் தானே குறைவது. இக்காரணம் பற்றி, உலகெங்குமுள்ள ஆய்வுக்கூடங்கள் அனுப்பும் செய்தியைக் கொண்டு உலகச் சுகாதார நிறுவனத்தார் ஆண்டுக்கு இருமுறை கூடி, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும் ஊசியிற் சேர்க்கவேண்டிய வகைகளைக் குறிக்கின்றனர். முட்டையில் வளர்த்து மருந்தாக்க ஆறு திங்கள் செல்லும். ஆதலால் அவர் செய்வது ஓரளவு வருவது கூறலே; சில ஆண்டு பொருந்தும், சில ஆண்டு பொருந்தாது. வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. பி வகையில் யமகாட்டா என்னும் கிளை, கொரோனாக் காலத்து அடைப்புக்களுக்குப் பின், அதாவது 2020 மார்ச்சுக்குப் பின், உலகில் எங்கும் உறுதியாகக் காணப்படவில்லை. ஆகவே நான்கு வகை சேர்ந்த ஊசிக்கு மாற்றாக மூவகை ஊசியே போதுமென்று முடிவு செய்தனர். பெட்டியின்மேல் நான்கு என்பதற்கு மாறாக மூன்று என்று கண்டால் கடைக்காரர் குறைத்துவிட்டாரென்று கொள்ளற்க.

முதியோர்க்கு ஏன் இத்துணைக் கவலை? வயதேற உடலின் காவற்படையும் மூப்படைகின்றது. நோய் நுரையீரலுக்கு இறங்கிச் சீதக்காய்ச்சலாக மாறுதல் எளிது. அதனினும் மறைவானது இதயத்துக்கு நேரும் தீங்கு. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து நோயாளர் குறிப்புக்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டோர், இன்புளுயென்சா உறுதி செய்யப்பட்ட முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏனைய நாட்களினும் ஆறு மடங்காயிற்றென்று கண்டனர். நம்மூரில் ஒருவர் மாரடைப்பால் இறந்தாரென்பர். முன்வாரம் அவர் இருமிக்கொண்டிருந்ததனை யாரும் சேர்த்துச் சொல்லார். மேலும், முதியோரிடம் இந்நோய் காய்ச்சலின்றியும் வரும். உணவில் வெறுப்பு, எழ இயலாத சோர்வு, திடீரெனத் தோன்றும் மனக்குழப்பம் இவையே அடையாளமாகலாம். வயதாயிற்று, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டார் விட்டுவிடுவர். ஒசெல்டாமிவிர் என்னும் மருந்து, நோய் கண்ட இரண்டு நாளுக்குள் தொடங்கினாற் சிறந்த பயன் தரும். அந்த இரண்டு நாளும் இவ்வாறே கழிந்துவிடுகின்றன.

ஊசியின் ஆற்றலை மிகைப்படுத்துதல் நன்றன்று. மருந்து நன்கு பொருந்திய ஆண்டிலும், மருத்துவரிடம் செல்லுமளவு நோய் வருதலை அது நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது வரையே குறைக்கும். முதியோரிடத்தில் இன்னும் குறைவு. அதனாலேயே சில மேனாடுகளில் அவர்க்கு நான்கு மடங்கு மருந்துடைய ஊசி இடுகின்றனர்; 2014இல் வெளியான பெருஞ்சோதனையில் அது வழக்கமான ஊசியினும் நூற்றுக்கு 24 பங்கு மிகுதியாக நோயைத் தடுத்தது. ஊசி இட்டும் நோய் வந்தார்க்கு அது கடுமை குறைந்து வருதலும் உண்டு. பாதிக்காப்பு எதற்கு என்பார் சிலர். மழையிற் குடை பிடித்தும் கால் நனைகின்றது. அதனால் குடையை யாரும் எறிந்துவிடுவதில்லை. ஊசியாலேயே காய்ச்சல் வருமென்பது மற்றோர் அச்சம். தோளில் இடும் ஊசியிலிருப்பது செயலிழந்த பொருளாதலின் அதனால் இன்புளுயென்சா வாராது. கைவலியும் மெல்லிய உடல்வெப்பமும் ஓரிரு நாள் இருக்கலாம். கில்லன்பாரி என்னும் நரம்பு நோய் பத்து இலட்சத்தில் ஓரிருவர்க்கு நேரலாமென்பர். முன்னர் அந்நோய் கண்டவரும், முன் இட்ட ஊசியால் கடும் ஒவ்வாமை உற்றவரும் மருத்துவரைக் கேளாமல் இட்டுக்கொள்ளலாகாது.

கார்டு ஐயாவின் உண்மையான தடை வேறு என்பதனை யான் பின்னரே அறிந்தேன். விலை! தனியார் மருந்துக்கடையில் இவ்வூசி ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்டது, கணவனும் மனைவியுமாக இருவர்க்கு இரட்டிப்பு, அதுவும் ஆண்டுதோறும். நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளையும் கருவுற்ற மகளிரையும் கருதியது. முதியோர்க்கு இவ்வூசி அதில் இல்லை. ஹஜ் யாத்திரை செல்லும் முதியோர்க்கு அரசு இதனை இடுகின்றது. ஆகவே இடும் வழி அறியாததன்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மருந்துகள் வீட்டுக்கே சென்று கொடுக்கப்பெறுகின்றன. 2023 மார்ச்சு 10ஆம் நாள் இன்புளுயென்சா பரவியபோது மாநிலமெங்கும் ஆயிரம் காய்ச்சல் முகாம்கள் நடந்தன. வந்த காய்ச்சலுக்கு ஒருநாளில் ஆயிரம் முகாம் கூட்ட வல்லவர், வருமுன் காக்கும் ஊசியை அதே வீட்டுவாயிலில், நோயும் முதுமையும் ஒருங்குடைய வறியோர்க்கேனும் செப்டம்பரில் இட முயலலாமென்பது என் கருத்து. செலவு மிகுதி என்று மறுப்பாரும் உளர். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் மூச்சுக் கருவியோடு ஒரு முதியவர் பத்து நாள் கிடக்கும் செலவையும் அவர் உடன்வைத்து எண்ணல் வேண்டும்.

அதுவரையில் செய்யத்தக்கது சிறிதே. ஊசி உடலிற் பயன் தர இரண்டு வாரம் ஆகும். ஆகவே மழைக்கு முன், செப்டம்பருக்குள், இட்டுக்கொள்ளுதல் நலம். தவறினாலும் அக்டோபரில் இடுவது வீணன்று. முட்டை உண்ணாதவரும் முட்டை ஒவ்வாதவரும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு இட்டுக்கொள்ளலாம். சீதக்காய்ச்சலுக்குரிய நிமோகாக்கஸ் ஊசி வேறு. அதனையும் உடன் கேட்டறிக. இரத்தம் உறையாமைக்கு மாத்திரை உண்பவர் அதனை முன்னரே கூறுக. இட்ட பின் கால்மணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்து, மருந்தின் பெயரையும் நாளையும் உபகாரச் சம்பளப் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதி வைத்துக்கொண்டால், மறு ஆண்டு நவம்பரில் பாங்கிக்குப் புறப்படுமுன் அது கண்ணிற் படும்.